‘பேச்சு வெறும் 7 சதவீதம்’ – இந்தக் கணக்கு நம்ம ஊருக்குப் பொருந்துமா?

கேள்வி (திருவையாற்று வாசகர்) – 2025 ஜூன் 9

மகளிர் குழுக்கடன் வசூல் வேலையில் இருக்கிறேன். போன வாரம் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். ஒருத்தர் பேசும்போது வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடம்புக்கு 55 என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். கண்ணைப் பார்த்துப் பேசாதவர் பொய் சொல்கிறார் என்றும் சொன்னார்கள். நான் போகிற ஊர்களில் பாதிப் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்கிறார்கள். அத்தனை பேரும் பொய்யா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 9, இரவு 11.10

பொய் இல்லை. பாபநாசத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முதலில் அந்த 7, 38, 55.

ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஒன்றில் தனித்தனிச் சொற்களை வெவ்வேறு குரலில் பதிவு செய்து கேட்க வைத்தார்கள். இன்னொன்றில் ‘மேபி’ (இருக்கலாம்) என்ற ஒரே ஆங்கிலச் சொல். அதையே பிரியமான குரல், சாதாரணக் குரல், பிடிக்காத குரல் என்று மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, கூடவே ஒரு முகத்தின் புகைப்படத்தைக் காட்டி, ‘இவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா, இல்லையா?’ என்று கேட்டார்கள். சொல் ஒன்று காட்ட, குரல் வேறொன்று காட்ட, முகம் மூன்றாவதைக் காட்டினால் கேட்பவர் எதை நம்புகிறார்? அவர்கள் கண்டுபிடித்தது இதற்கு மட்டும்தான் பதில். பிடிக்கும், பிடிக்காது என்ற உணர்வைப் பேசும்போது மட்டும்தான் இந்தக் கணக்கு பொருந்தும் என்று மெஹ்ராபியனே பின்னாளில் எழுதினார். பயிற்சி வகுப்புகள் அந்த வரியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடின.

தவணை எந்தத் தேதி, வட்டி எவ்வளவு, போன மாதம் ஏன் கட்டவில்லை – இதில் எதையும் புருவத்தால் சொல்ல முடியாது. வாய் திறந்துதான் சொல்ல வேண்டும்.

தரையைப் பார்ப்பது பற்றிக் காலையில் எழுதுகிறேன்.

ஜூன் 10, காலை 6.20

எங்கள் அப்பா எதிரில் நிமிர்ந்து கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னால், “என்ன முறைக்கிற?” என்பார். தலையைக் குனிந்து சொன்னால்தான் மரியாதை. அப்படி வளர்ந்த பிள்ளைகள்தான் இந்தப் பக்கம் பெரும்பாலும். கடன் கொடுத்த இடத்திலிருந்து ஓர் ஆண் வந்து வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், தெருவே பார்க்கிறது. கண் தரைக்குப் போகாமல் எங்கே போகும்? அதே பெண் பூக்காரம்மாவிடம் முழத்துக்கு விலை பேசும்போது பாருங்கள், கண் எங்கே இருக்கிறது என்று.

2006இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற உளவியலாளர்கள் இருவரும் பொய் கண்டுபிடிக்கும் ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். எதிராளி சொல்வது பொய்யா மெய்யா என்று ஊகிப்பதில் மனிதர்கள் சராசரியாக 54 சதவீதம் சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். ஆனால் கண்ணைத் திருப்பினால் பொய் என்ற நம்பிக்கை மட்டும் உலகம் முழுக்க இருக்கிறது. அந்த நம்பிக்கையை வைத்து ஓர் ஏழைப் பெண்ணைப் பொய்க்காரி என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். உங்கள் கேள்வியிலேயே அந்தச் சந்தேகம் தெரிந்தது, அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஜூன் 10, இரவு

‘அப்படியானால் உடம்பைக் கவனிக்கவே வேண்டாமா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கவனிக்கத்தான் வேண்டும். கும்பகோணம் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் ‘போதும்’ என்று வாயால் சொன்னால் சாம்பார் நிற்காது. இலைக்கு ஒரு சாண் மேலே கையை வைத்துக்கொண்டு ‘போதும் போதும்’ என்றால் இன்னும் ஒரு கரண்டி விழும், விழ வேண்டும் என்றுதான் அந்தக் கை அங்கே இருக்கிறது. கை இலைமேல் படிந்து, முதுகு லேசாகக் குனிந்தால் பரிமாறுபவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். சொல்லும் கையும் முரண்படுகிற இடம் இது, அங்கே கைதான் ஜெயிக்கும். மெஹ்ராபியன் பார்த்ததும் இந்த மாதிரி இடத்தைத்தான்.

பெண் பார்க்கப் போன இடத்தில், “வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று எழுந்தால் பதில் பாதி தெரிந்துவிடும். கேசரியைத் தொடாமல், கை நனைக்காமல் எழுந்தால் மீதியும் தெரிந்துவிடும். ஆனால் இதையெல்லாம் சின்ன வயதிலிருந்து பந்தியிலும் கூடத்திலும் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். வெளியூர்ப் பயிற்சியாளர் ஒரு காலைப்பொழுதில் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஜூன் 12

நடவு தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காய்ச்சல், சேற்றுப்புண் என்று என் கடைக்கு வருவார்கள். போன வருஷம் ஒரு வங்காளிப் பையன் ஒரு களிம்பைக் காட்டி இருக்கிறதா என்று கேட்டான். கடையில் உதவிக்கு இருக்கும் பெண் நாக்கை மேல்பல்லில் ஒட்டி எடுத்து, ‘ட்ச்’ என்றாள். நமக்கு அது ‘இல்லை’. பையன் நின்றுகொண்டே இருந்தான். மறுபடி கேட்டான், மறுபடி ‘ட்ச்’. தன்னைப் பார்த்து எரிச்சல்படுகிறாள் என்று நினைத்துவிட்டான் போல, முகம் சுருங்கிப் போய்விட்டது. நான் எழுந்து வந்து கையை விரித்து, ‘நஹி’ என்ற பிறகுதான் புரிந்தது.

இந்த ‘ட்ச்’சை ஒரு தடவை சொன்னால் இல்லை. ‘ட்ச் ட்ச் ட்ச்’ என்று அடுக்கினால் ஐயோ பாவம். நீட்டி, தலையைத் திருப்பினால் சலிப்பு. ‘ம்’முக்கும் அப்படித்தான்: கதை கேட்கும்போது கொட்டுகிற உம், சம்மதிக்கிற ம்ம், மறுக்கிற ம்ஹூம், ‘அப்படியா சேதி’ என்று இழுக்கிற ம்ம்ம்ம். அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, கதை சொல்லும்போது நாங்கள் உம் கொட்டுவதை நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார், தூங்கிவிட்டோம் என்று. கேட்பவர் இப்படி இடையில் கொடுக்கும் ஒலிகளுக்குத் தனிப் பெயர் வைத்து 1970இல் விக்டர் இங்வே என்ற மொழியியலாளர் எழுதினார். எங்கள் அப்பாயி பிள்ளைகளை இதே வேலைக்குப் பழக்கித்தான் வைத்திருந்தார்.

ஜூன் 12, மேலே உள்ளதற்கு ஒரு சேர்க்கை

வங்காளிப் பையன் கதையை எழுதியதும் ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் நினைவு வந்தது. லண்டன் ஹீத்ரோ விமான நிலைய ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் பரிமாறும் வேலையில் இருந்தார்கள். இவர்கள் முரட்டுத்தனமாகப் பேசுகிறார்கள் என்று சாப்பிட வந்தவர்களும் மேற்பார்வையாளர்களும் புகார் சொன்னார்கள். இந்தப் பெண்களுக்கோ தங்களை ஒதுக்குகிறார்கள் என்ற மனக்குறை. கம்பர்ஸ் பேச்சைப் பதிவு செய்து கேட்டார். இறைச்சி வாங்கியவரிடம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்க அங்கே ‘கிரேவி’ என்ற ஒரு சொல் போதும். ஆங்கிலேயப் பெண்கள் கடைசியில் குரலை மேலே ஏற்றினார்கள், அது ‘வேணுமா?’ என்று கேட்டது. நம் பக்கத்துப் பெண்கள் குரலை இறக்கினார்கள். அவர்கள் பழக்கத்தில் அதுவும் மரியாதையான கேள்விதான். ஆங்கிலேயர் காதில், ‘இதுதான் கிரேவி, எடுத்துக்கோ’ என்று விழுந்தது. பதிவைப் போட்டுக் காட்டியதும் இரண்டு பக்கமும் விஷயம் புரிந்துகொண்டது. 1982இல் இதை எழுதினார்.

ஒரு சொல்லின் வால் மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதில் எத்தனை பேருடைய வேலையும் மானமும் தொங்கியிருக்கிறது பாருங்கள். இப்போது அதே நிலைமையில் நம் வயலில் பீகார்க்காரர்கள் நிற்கிறார்கள். அவர்கள் குரலை நாம் எப்படிக் கேட்கிறோம்?

ஜூன் 15, ஞாயிறு

கடை இன்று அரை நாள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இந்த இழையில் எனக்கு முக்கியமானது இதுதான்.

மருந்துக்கடையில் அதிகம் கேட்கிற சொல் ‘சரிங்க’. மாத்திரையைக் கவரில் போட்டு, 1-0-1 என்று எழுதி, “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டப்புறம்” என்றால், “சரிங்க.” தலையும் ஆடும். முகத்தில் புரிந்த களை. உடல்மொழி வகுப்புப்படி பார்த்தால் எல்லாம் சரி.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை உண்டு. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை வரை பாதிக்கும், உயிருக்கே ஆபத்து. ஒரு பெரியம்மாவுக்கு அதைக் கொடுத்து, “வாரத்துல ஒரு நாளு, புதன்கிழமை மட்டும்” என்றேன். “சரிம்மா.” தலையாட்டினார். எதற்கோ, “எப்ப போடுவீங்கன்னு எனக்கு ஒருதடவ சொல்லுங்க பெரியம்மா” என்றேன். “தெனம் ராத்திரி சாப்ட்டுட்டு” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை, கவனிக்காமலும் இல்லை. அந்த ‘சரிம்மா’வில் மருந்து பற்றி ஒன்றுமே கிடையாது. ‘நீ படிச்ச பொண்ணு, நீ சொல்றதுக்கு நான் குறுக்க பேசல’ – அவ்வளவுதான் அதில் இருந்தது. ‘புரியல’ என்று சொன்னால் நான் அலுத்துக்கொள்வேனோ, பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்களோ என்ற பயமும் இருந்திருக்கும். ஆஸ்பத்திரியிலும் இதே தலையாட்டல்தான் நடந்திருக்கும், அங்கே இன்னும் கூட்டம், இன்னும் அவசரம்.

அன்றிலிருந்து, “புரிஞ்சுதா?” என்ற கேள்வியை விட்டுவிட்டேன். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல எளியவர்களுக்கு வழியில்லை. “நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும், நீங்க ஒருதடவ சொல்லுங்க” என்கிறேன். சோதனை எனக்குத்தான், அவருக்கு இல்லை என்று தெரிந்தால் வாய் திறக்கிறார்கள். மருத்துவப் படிப்பிலும் இப்படித் திருப்பிச் சொல்ல வைப்பதை ஒரு முறையாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு கவர் மேல் சூரியன், நிலா போட்டுத் தருகிறேன்.

ஜூன் 15, மாலை

ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘அனுபவம் உள்ளவர்களுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.’

ஏதோ இருக்கிறது என்று தெரியும். என்ன என்று தெரியாது. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் இதில் எவ்வளவு நிதானமாக இருக்கிறது பாருங்கள். மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவது, எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அதோடு நிற்காமல், ஒவ்வொன்றும் நான்கு காரணத்தில் பிறக்கும் என்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஒரு பெண் என் கடை வாசலில் நின்று கண்ணைத் துடைத்தால், யாராவது அவமானப்படுத்தினார்களா, எதையாவது இழந்தாரா, நல்ல நிலையிலிருந்து விழுந்தாரா, மருந்து வாங்கக் காசு போதவில்லையா? நான்குக்கும் கண்ணீர் ஒரே மாதிரிதான் இருக்கும். கேட்டால் ஒழியத் தெரியாது.

பால் எக்மன் என்ற உளவியலாளர் 1960களின் கடைசியில் பப்புவா நியூ கினியில் ஃபோரே மக்களிடம் போய், அடிப்படை உணர்ச்சிகளின் முகங்கள் எல்லா ஊரிலும் அடையாளம் தெரிகின்றன என்று காட்டினார். அதையொட்டி இன்றும் வாதம் ஓடுகிறது. ஆனால் அவரே, எந்த முகத்தை யார் எதிரில் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சமூகமும் கற்றுக்கொடுக்கிறது என்றும் சொன்னார். மாமியார் எதிரில் மருமகள் முகம், பெரிய விவசாயி எதிரில் நடவாள் முகம் – அங்கே நாம் பார்ப்பது கற்றுக்கொடுக்கப்பட்ட முகம்.

ஜூன் 16

நேற்று எழுதியது மனதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. துணிந்து ஒன்று சொல்கிறேன்.

எங்கள் தாத்தா காலத்தில் பண்ணையாள் மிராசுதார் வீட்டுக்கு வந்தால் கொல்லைப்பக்கமாக வர வேண்டும். தோளில் துண்டு இருக்கக் கூடாது, இடுப்பிலோ கக்கத்திலோதான் இருக்க வேண்டும். குனிந்த முதுகு, கட்டிய கை, வாய்க்கு எதிரே மறைத்த உள்ளங்கை. இதை யாராவது ‘பணிவைக் காட்டும் உடல்மொழி’ என்று பாடத்தில் எழுதினால் அது பாதி உண்மைகூட இல்லை. அந்த முதுகு எதையும் சொல்லவில்லை, அது சாட்டைக்குக் கீழ்ப்படிந்தது. கீழத் தஞ்சையில் 1940களில் சீனிவாச ராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் முன்னின்று விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டியபோது, தண்டனையாகக் குடிக்க வைத்த சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்று போராடினார்கள். கூலியோடு சேர்த்து அந்த மக்கள் மீட்டது நிமிர்ந்து நிற்கிற முதுகையும் தோளில் கிடக்கிற துண்டையும்தான்.

ஆகவே, எதிரில் இருப்பவர் உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்னால், இந்த உடம்புக்கு வேறு மாதிரி நிற்க அனுமதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஜூன் 16, இரவு

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற அதிகாரம் இரண்டு இடத்தில் வருகிறது, 71லும் 110லும். 71ஆவது, ‘மன்னரைச் சேர்ந்தொழுதல்’ முடிந்த கையோடு வருகிறது. அரசனுக்குப் பக்கத்தில் இருப்பவன் அவன் வாய் திறக்குமுன் முகத்தைப் படித்துக்கொள்ள வேண்டும். 110ஆவது காமத்துப்பாலில், அங்கே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் படிக்கிறார்கள்.

படிக்கிற வேலை யாருடையது என்று நம் வீடுகளில் பார்த்தாலே போதும். அப்பா செருப்பைக் கழற்றுகிற சத்தத்தில் அன்றைய கோபத்தை அளந்தவர்கள் அம்மாவும் நாங்களும். அம்மா முகத்தை அவர் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. மேலே இருப்பவருக்குக் குறிப்பறியத் தேவையே வருவதில்லை. வசூலுக்குப் போகிற தம்பிக்கு நான் சொல்ல வருவது இதுதான்: அந்தப் பெண்கள் உங்களைத் தினமும் படிக்கிறார்கள். வண்டிச் சத்தத்திலேயே படித்துவிடுவார்கள்.

ஜூன் 21

காது கேளாத மகன் இருக்கிற ஒரு தாய் எழுதியிருக்கிறார், சைகை மொழியையும் ‘சொல்லில்லாத தொடர்பு’ கணக்கில் சேர்க்கிறார்களே என்று வருத்தத்தோடு.

சேர்க்கக் கூடாது. சைகை மொழி முழு மொழி. இலக்கணம் உண்டு, சொல் உண்டு, சிலேடை உண்டு, வட்டார வழக்கும் உண்டு. வில்லியம் ஸ்டோக்கி என்ற மொழியியலாளர் 1960இல் அமெரிக்கச் சைகை மொழியை வைத்து இதை நிறுவினார். நம் நாட்டில் இந்தியச் சைகை மொழிக்கு என்றே டெல்லியில் ஒரு மைய நிறுவனம் 2015இல் வந்தது. சத்தம் இல்லை என்பதால் சொல் இல்லை என்று ஆகாது. நாம் பேசும்போது ஆட்டுகிற கையும், உங்கள் மகன் பேசுகிற கையும் ஒன்றல்ல. அவன் கை வாக்கியம் சொல்கிறது.

நம் கை யாருக்காக ஆடுகிறது என்பதே ஆச்சரியமான விஷயம். 1998இல் ஜேனா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ என்ற உளவியலாளர்கள் இருவரும் பிறவியிலேயே பார்வையில்லாதவர்களைப் பேசச் சொல்லிப் பார்த்தார்கள். கையாட்டலைப் பார்த்தே இராதவர்கள், பார்வையில்லாத இன்னொருவரிடம் பேசும்போதும் கையை ஆட்டினார்கள். ஆக, கை பார்ப்பவருக்காக மட்டும் ஆடுவதில்லை, நாம் யோசிப்பதற்காகவும் ஆடுகிறது போல. போனில் வழி சொல்லும்போது, “இந்தப் பக்கம் திரும்பு” என்று காற்றில் கையைத் திருப்பாதவர் யார்?

ஜூன் 22

சைகை என்றதும் மாட்டுத் தரகர் துண்டு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தாத்தாவோடு சின்ன வயதில் மணப்பாறைச் சந்தைக்குப் போயிருக்கிறேன். வாங்குபவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடிப்பதுதான் விலை. எத்தனை விரல், முழு விரலா பாதியா என்பதில் எண். நூறில் பேசுகிறோமா ஆயிரத்திலா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். வாய் அந்த நேரம், “மழ எப்படி உங்க பக்கம்?” என்று பேசிக்கொண்டிருக்கும், முகத்தில் ஒரு அசைவு இருக்காது. சுற்றி நிற்கிற மற்ற வியாபாரிகளுக்கு விலை தெரியக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். உடம்பு மனதைக் காட்டிக்கொடுக்கும் என்பவர்கள் அந்தத் தரகர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கெட்டிமேளமும் இப்படி ஒரு ஏற்பாடுதான். பெரியவர் ஒருவர் கையைத் தூக்கி விரலை ஆட்டுவார். நாகஸ்வரக்காரர் கண் அந்த விரலிலேயே இருக்கும். தாலி ஏறுகிற நேரத்தில் தும்மலோ அபசகுனச் சொல்லோ யார் காதிலும் விழக் கூடாது என்று தவில் முழங்கும். மற்ற எந்தச் சொல்லும் நுழையாதபடி சத்தத்தால் மூடுகிறோம்.

ஜூன் 28

கேள்வி கேட்ட திருவையாற்றுத் தம்பி திரும்ப வந்திருக்கிறார். வாசலில் நின்று பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பார்த்தாராம். ஒரு அம்மா, மகனுக்கு வேலை நின்றுபோனதைச் சொல்லி, இரண்டு தவணையாகப் பிரித்துக் கட்டலாமா என்று கேட்டாராம். ‘இத்தனை மாசமா இதை ஏன் சொல்லல?’ என்று தம்பி ஆச்சரியப்படுகிறார்.

நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள் தம்பி, அவர் உட்கார்ந்திருந்தார். எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1960களில் மனிதர்களுக்கு இடையிலான தூரத்தை அடிக்கணக்கில் அளந்தார், நெருக்கம் ஒன்றரை அடி வரை, பழக்கம் நாலு அடி வரை என்று. அது அமெரிக்கரை வைத்து எடுத்த அளவு, நம் டவுன் பஸ்ஸில் அதற்கு இடமில்லை. நம் ஊரில் தூரத்தைவிட உயரம் பேசும். யார் நாற்காலியில், யார் பாயில், யார் படிக்குக் கீழே என்பதை வைத்தே யார் பேசலாம் என்று முடிவாகிறது. உட்கார்ந்தீர்களே, நல்ல காரியம். பிரித்துக் கட்ட உங்கள் மேலிடம் ஒத்துக்கொண்டதா என்பதையும் எழுதுங்கள்.

ஜூலை 3

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். டெல்டாவில் சிங்கப்பூர், வளைகுடா என்று ஒருவராவது போகாத தெரு குறைவு.

முன்பு மிஸ்டு கால். ஒரு மணி அடித்து நின்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு அடித்தால் கூப்பிடு. காசில்லாமல் கட்டிய மொழி அது. இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக். 2014 நவம்பரில் வந்த சின்ன அடையாளம், ‘பார்த்துட்டு ஏன் பதில் போடல?’ என்று எத்தனை வீட்டில் சண்டை மூட்டியிருக்கிறது. படித்தான் என்பது மட்டும்தான் அந்த டிக். பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தானா, மேஸ்திரி எதிரில் படித்தானா என்று அது சொல்லாது.

டான்யா ஸ்டிவர்ஸ் என்ற மொழி ஆய்வாளரின் குழு 2009இல் பத்து மொழிகளில் பேச்சு கைமாறுவதை அளந்தது. ஒருவர் கேட்டு மற்றவர் பதில் சொல்ல ஆகும் இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்குப் பழகிய காது நமது. இணையம் வழியாக வரும் அழைப்பு ஒரு விநாடி தாமதித்தாலே, “ஏண்டா யோசிச்சு யோசிச்சுப் பேசுற, என்ன மறைக்கிற?” என்று என் அம்மா தம்பியிடம் கேட்டுவிடுவார். அவனோ, ‘எதுவும் இல்லம்மா’ என்பான், அதுவும் ஒரு விநாடி கழித்துப் போய்ச் சேரும்.

ஜூலை 4

சாவு வீட்டு வழக்கம் பற்றி யாரும் எழுதவில்லையே என்று ஒருவர்.

தப்புப் பறைச் சத்தம் கேட்டதும் தெருவுக்குத் தெரிந்துவிடும், கோயில் அடி வேறு, சாவு அடி வேறு. ஆண்கள் போய்க் கையை நீட்டினால் வீட்டார் கையைத் தொடுவார்கள், பேச்சு கிடையாது. கிளம்பும்போது ‘போய்ட்டு வர்றேன்’ கிடையாது, சொல்லாமல் எழுந்து வருவதுதான் முறை.

பெண்கள் பக்கம் வேறு. கட்டிக்கொண்டு அழுகிற ஒப்பாரியில் மகள் என்னென்னவோ சொல்லிவிடுவாள். நகை போட்டு அனுப்பாத அண்ணன், படிக்க வைக்காத அப்பா, தீபாவளிக்கு அழைக்காத அண்ணி, எல்லாம் ராகத்தோடு, ஊர் முன்னால். யாரும் குறுக்கே பேச முடியாது, மறுநாள் அதை வைத்துச் சண்டைக்கும் போக முடியாது. வருஷம் முழுக்க முகத்தைத் தாழ்த்தி வைத்திருந்தவளுக்கு அன்றைக்கு மட்டும் முழு வாக்கியம் கிடைக்கிறது. ஒருவர் சாக வேண்டியிருக்கிறது அதற்கு. எனக்கு ஒப்பாரி கேட்கும்போதெல்லாம் அழுகையோடு கோபமும் வரும்.

ஜூலை 11

‘கடையில் ஆம்பளைகள் நிற்கும்போது பெண்கள் கேட்க முடியாததை எப்படிக் கேட்கிறார்கள்? நீங்கள் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?’ – மன்னார்குடி வாசகி.

நல்ல கேள்வி. வந்து ஓரமாக நிற்பார்கள். மற்றவர்களை, “நீங்க வாங்கிக்கங்க” என்று முன்னால் அனுப்புவார்கள். தலைவலி மாத்திரை ஒன்று கேட்பார்கள், வாங்கிய பிறகும் போக மாட்டார்கள். நாப்கின் என்றால் கண் அந்த அலமாரிக்குப் போய்வரும், அதை நான் எடுத்துவிடுவேன். செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போடுவதை நானாகச் செய்வதில்லை, கேட்டால் மட்டும்தான். ஆனால் வெள்ளைப்படுதல், கருத்தடை மாத்திரை, மார்பில் கட்டி என்றால் கண்ணால் கேட்க முடியாது, என்னாலும் ஊகித்து மருந்து தர முடியாது.

அதனால் கவுன்டர் ஓரத்தில் சின்னத் தாள் கட்டும் பென்சிலும் வைத்திருக்கிறேன். எழுதி மடித்துக் கொடுத்தால் நான் படித்து, பதிலையும் எழுதிக் கொடுத்துவிடுவேன். பள்ளிக்கூடப் பெண்கள் இதை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். எழுத வராத பெரியம்மாக்களுக்காக அலமாரிக்குப் பின்னால் ஒரு பெஞ்ச் போட்டேன். “வாங்க, பிரஷர் பாக்கலாம்” என்று உள்ளே கூப்பிடுவேன், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, “வேற என்ன செய்யுது, சொல்லுங்க” என்றால் மெதுவாக வரும். டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் என்றால் எந்த நாளில் பெண் மருத்துவர் இருப்பார் என்று விசாரித்துச் சொல்லி அனுப்புகிறேன். பெஞ்ச் போட இரண்டு அடி இடம் போதும். கடை வைத்திருக்கிற மற்றவர்களும் செய்து பார்த்து எழுதுங்கள்.